போர் யானைக்குப் புதிய திறன் கேட்பதற்கு முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டின் போர் யானை, உயிர்ப்புள்ளி (அடி தாங்கும் அளவு) கூடிய, நடை தளர்ந்த ஒரு குதிரைவீரனைப் போலத்தான் நடந்துகொள்கிறது என்றும், வரலாற்றில் யானைப்படை செயல்பட்ட விதம் அதில் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனவே அருகில் நிற்கும் காலாட்படையை அஞ்சவைப்பது, அடிபட்டால் மதம் பிடித்து ஓடுவது, வரிசையாக நிற்பவர்களை மோதித் தள்ளுவது ஆகிய மூன்று திறன்களைச் சேர்க்கும்படி பரிந்துரைக்கப்போகிறீர்கள். இவற்றில் எது ஏற்கப்படும் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போர்க்களத்தில் யானை எப்படி இருந்தது என்பது ஒன்று. எந்த மாற்றம் வந்தால் ஆடுகிற இருவரும் இன்று எடுக்கும் முடிவிலிருந்து வேறொரு முடிவை எடுப்பார்கள் என்பது மற்றொன்று. பரிந்துரை எழுதுகிற பெரும்பாலோர் முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதற்கும் அதுவே பதில் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நான் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த விளையாட்டுக்கு மாட் (விதிகளையும் எண்களையும் திருத்திய சொந்த வடிவம்) செய்துவருகிறேன். யூனிட்களின், அதாவது படைவீரர் வகைகளின், எண்களை மாற்றி, நண்பர்களோடு ஆடிப் பார்த்து, பல முறை பழைய நிலைக்கே திருப்பி வைத்திருக்கிறேன். என் சோதனைகள் எல்லாம் நடுத்தரத் திறமை உள்ளவர்களோடு நடந்தவை. போட்டிகளில் ஆடும் முன்னணி ஆட்டக்காரர்களின் கையில் ஒரு திறன் என்ன ஆகும் என்பதை அந்த அனுபவத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. கீழே நான் சொல்லும் கணக்குகள் உறுதியானவை. அவற்றின் மேல் கட்டும் பரிந்துரைகள் என் கணிப்பு. இரண்டையும் பிரித்தே படியுங்கள்.

எண்களிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் திறனைப் பற்றிய ஆசைகள் பலவற்றை எண்களே தீர்த்துவைத்துவிடும். இந்த விளையாட்டில் ஓர் அடியின் சேதம் என்பது தாக்குதல் மதிப்பிலிருந்து கவச மதிப்பைக் கழித்தது. எவ்வளவு கவசம் இருந்தாலும் அது 1க்குக் கீழே போகாது. இத்துடன் குதிரைப்படைக்கு எதிரானது, யானைக்கு எதிரானது என்று வகைவாரியாகக் கூடுதல் தாக்குதல்கள் உண்டு. அவை ஒவ்வொன்றும் தத்தம் வகைக் கவசத்தால் தனித்தனியே கழிக்கப்பட்டுப் பிறகு கூட்டப்படும். கழித்தல் கணக்கு என்பதால் சிறிய மாற்றமும் பெரிய விளைவைத் தரும். நைட் என்ற குதிரைவீரருக்கு 100 உயிர்ப்புள்ளி, அம்புக் கவசம் 2. தாக்குதல் மேம்பாடுகள் இரண்டும் பெற்ற கிராஸ்போ (குறுக்குவில்) வீரரின் தாக்குதல் 7. ஓர் அம்புக்கு 5 போகும்; 20 அம்பில் நைட் விழுவார். குதிரைக் கவசத்தின் முதல் மேம்பாடு அம்புக் கவசத்தை 1 கூட்டினால் ஓர் அம்புக்கு 4, ஆகவே 25 அம்பு. இரண்டாவதும் கிடைத்தால் ஓர் அம்புக்கு 3, ஆகவே 34 அம்பு. பட்டியலில் வெறும் 2 என்று தெரிகிற மாற்றம் களத்தில் நைட்டின் ஆயுளை ஒன்றரை மடங்குக்கு மேல் நீட்டிவிட்டது. ‘யானைக்கு அருகில் உள்ள காலாட்படையின் தாக்குதல் 2 குறைய வேண்டும்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். வகைக் கூடுதல் பெரிதாக உள்ள ஈட்டி வீரர்களுக்கு அது ஒரு கீறல். அப்படிக் கூடுதல் இல்லாத வாள்வீரர்களுக்கோ, குறிப்பாக மேம்பாடுகள் குறைவாக உள்ள நிலையில், அதுவே பெரிய வெட்டு. நீங்கள் யாரை அஞ்சவைக்க விரும்பினீர்களோ அவர் அஞ்சமாட்டார். யானையிடம் ஏற்கனவே தோற்றுக்கொண்டிருப்பவர் இன்னும் மோசமாகத் தோற்பார்.

இதை நானே செய்து பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாட்டில் யானைக்கு இப்படியொரு அச்ச வட்டம், அதாவது அருகில் வரும் எதிரிகளைத் தளர்த்தும் எல்லை, கொடுத்திருந்தேன். நான் எதிர்பார்த்தது யானைப்படைகள் பெருகும் என்று. நடந்தது வேறு: எல்லோரும் ஒவ்வொரு படைக்குழுவிலும் ஒரேயொரு யானையைச் சேர்த்துக்கொண்டார்கள், அது பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும், சண்டையில் இறங்காது, வட்டத்தின் பலனை மட்டும் தரும். யானையை யானையாக்கக் கொடுத்த திறன் அதை ஒரு கொடிக்கம்பமாக்கிவிட்டது. பல யானைகள் சேர்ந்தால் பலன் கூடும்படி மாற்றியபோது எதிர்ப்பக்கம் கோளாறு வந்தது. ஐந்து யானைகளுக்கு முன்னால் எந்தக் காலாட்படையும் நிற்கவே முடியவில்லை. அன்றிலிருந்து வட்டம் சார்ந்த எந்தப் பரிந்துரையைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, ஒன்றுக்கு மேற்பட்டவை சேரும்போது என்ன ஆகும் என்ற வரி எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். வட்டத் திறன் இந்த விளையாட்டுக்குப் புதிதன்று. 2023இல் ரோமானியர்களுடன் வந்த செஞ்சூரியன், அருகில் உள்ள தன் வாள்வீரர்களை விரைவாக நடக்கவும் விரைவாகத் தாக்கவும் செய்கிறார். தன் ஆட்களைத் தூக்கிவிடுகிற திறன் ஆட்டக்காரருக்கு உடனே புரிகிறது. எதிரியைத் தாழ்த்துகிற திறனோ, எதிரியின் திரையில் ‘ஏன் தோற்றேன்’ என்று விளங்காத தோல்வியாக முடியக்கூடும்.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பரிந்துரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஒரு சொல் திருத்தம் மட்டும். மதம் பிடிப்பது வேறு, மிரள்வது வேறு. மதம் என்பது ஆண் யானைக்குக் குறிப்பிட்ட காலத்தில் வருகிற உடல் மாற்றம். கன்னத்தில் மதநீர் ஒழுகும், சீற்றம் பல நாட்கள் நீடிக்கும். போர்க்களத்தில் ஈட்டியும் அம்பும் தைத்து, பாகனையும் இழந்து, வந்த வழியே திரும்பி ஓடுவது மிரட்சி. திறனுக்கு மதம் என்று பெயர் வைத்தால் பலம் கூடுவதாகத் தொனிக்கும். நீங்கள் விவரித்திருப்பதோ கட்டுப்பாடு இழப்பதை. பெயர் தவறினால் திறனின் திசையும் தவறிவிடும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

மிரட்சிக்குச் சான்று நிறைய உண்டு. கி.மு. 326இல் ஹைடாஸ்பஸ் (இன்றைய ஜீலம்) ஆற்றங்கரையில் அலெக்சாண்டரின் காலாட்படை எதிரி யானைகளின் பாகர்களைக் குறிவைத்து வீழ்த்தியது. நெருக்குண்ட யானைகள் நண்பர் பகைவர் என்று பாராமல் மிதித்தன. கி.மு. 202இல் ஜாமாவில் கார்த்தேஜின் தளபதி ஹானிபல் 80க்கு மேற்பட்ட யானைகளை முன்னே விட்டபோது, ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ தம் படையணிகளுக்கு இடையே நேர்ச்சந்துகளை விட்டு நிறுத்தியிருந்தார். எக்காள ஒலியில் மிரண்டவை பக்கவாட்டில் தம் குதிரைப்படை மேலேயே பாய்ந்தன, மற்றவற்றில் பல சந்துகளின் வழியே கடந்துபோயின. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், கி.மு. 207இல் மெட்டாரஸ் ஆற்றருகே நடந்த போரைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதும்போது, கட்டுக்கடங்காத யானைகளைக் கொல்லப் பாகர்களிடம் உளியும் சுத்தியலும் இருந்தன என்றும், அந்த முறையைக் கொண்டுவந்தவர் ஹானிபலின் தம்பி ஹாஸ்ட்ருபால் என்றும் குறிப்பிடுகிறார். இவை பழைய காலத்துப் போர்கள், உங்கள் விளையாட்டின் காலம் அதற்குப் பிந்தியது என்று யாராவது ஆட்சேபிக்கலாம். அவர்களுக்கு 7ஆம் நூற்றாண்டின் காதிசிய்யா போரைக் காட்டுங்கள். பாரசீக யானைகளைக் கண்டு அரபுக் குதிரைகள் மிரண்டதையும், பின்னர் அம்பாரியின் வார்களை அறுத்தும் யானைகளின் கண்களைக் குத்தியும் அவற்றை முறியடித்ததையும் அரபு வரலாற்று நூல்கள் விவரிக்கின்றன. 1398இல் டெல்லிக்கு வெளியே தைமூர் யானைப்படையை வென்றார் என்பது உறுதி. அப்போது ஒட்டகங்களின் முதுகில் தீ மூட்டி யானைகளை நோக்கி விரட்டினார் என்ற புகழ்பெற்ற கதையை நான் அதே உறுதியோடு சொல்லமாட்டேன். பரிந்துரையில் அதைச் சான்றாக வைக்க வேண்டாம்.

இந்தச் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. யானையின் பலத்தைப் பற்றி அவை சொல்வதைவிட, யானையை வைத்திருந்தவரின் கவலையைப் பற்றியே அதிகம் சொல்கின்றன. எங்கே நிறுத்துவது, திரும்பினால் யார் மேல் பாயும், எந்தக் கணத்தில் நாமே அதைக் கொல்ல வேண்டியிருக்கும் என்பவை தளபதியின் முடிவுகள். ஆட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டியவை இந்த முடிவுகள்தாம். அதனால்தான் உங்கள் மூன்றில் மிரட்சியைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வடிவத்தில் அது தேறாது. ‘ஒவ்வொரு அடிக்கும் பத்து சதவீத வாய்ப்பில் மிரளும்’ என்று வைத்தால், அது பரிசுச்சீட்டு ஆகிவிடும். பல பேர் இணையத்தில் சேர்ந்து ஆடும்போதும் தற்செயல் எண்களை எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல் உருவாக்க முடியும் என்பதால் இதில் தொழில்நுட்பத் தடை இல்லை. தடை ஆட்டக்காரரின் மனநிலையில் இருக்கிறது: தன் பிழையால் தோற்பதை அவர் ஏற்பார், பகடையால் தோற்பதை ஏற்கமாட்டார்.

மாற்றாக இப்படி எழுதிப் பாருங்கள். யானையின் உயிர்ப்புள்ளி ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அது மிரளும். எப்போது மிரளும் என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் உயிர்ப்புள்ளிப் பட்டை திரையிலேயே இருக்கிறது. மிரண்டபின் ஐந்து நொடிகளுக்கு அது கட்டளைக்கு அடங்காது, கடைசி அடி வந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் ஓடும், வழியில் இருப்பவர் யாரானாலும் மிதிக்கும். தன் ஆட்களுக்கே சேதம் என்பது இந்த விளையாட்டில் புதிய கருத்தும் இல்லை; கல்லெறியும் மங்கனல் ஏற்கனவே அப்படித்தான் இருக்கிறது, ஆட்டக்காரர்கள் அதோடு வாழப் பழகியிருக்கிறார்கள். யானையின் மிதி சேதமும் இப்போதே இருக்கிறது, எதிரிகளுக்கு மட்டும். ஆகவே புதிதாகக் கேட்பது மிகக் குறைவு. இதில் என் மனத்துக்கு நெருக்கமான பகுதி ஹாஸ்ட்ருபாலின் உளி. அதற்குத் தனிப் பொத்தான் தேவையே இல்லை. சொந்த யூனிட்டைக் கொல்லும் டெலிட் விசை தொடக்கம் முதலே விளையாட்டில் இருக்கிறது. எதிரியின் துறவி தன் பக்கம் மாற்றிக்கொள்ளும் முன்பே தம் யானையை அந்த விசையால் அழித்துவிடும் ஆட்டக்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மிரண்ட யானை தன் வில்லாளர்களை நோக்கி ஓடும்போதும் அந்த விசை மட்டும் வேலை செய்யட்டும். ஐந்து நொடி காத்திருந்து யானையைக் காப்பாற்றுவதா, இப்போதே இழப்பதா என்ற முடிவு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாகனின் முடிவாகவே இருக்கும்.

இந்த மாற்றம் யானையைப் பலவீனமாக்குகிறது என்பதை மறைக்காதீர்கள். பரிந்துரைகளைப் படிப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். 1999இன் மூல விளையாட்டில் பாரசீகப் போர் யானைக்கு 450 உயிர்ப்புள்ளி, விலை 200 உணவும் 75 தங்கமும். அதைத் தன் பக்கம் மாற்றிக்கொள்ளும் துறவிக்கோ 100 தங்கம் மட்டும். அதன்பின் பல பேட்ச்களில் (திருத்த வெளியீடுகளில்) எண்கள் மாறியிருக்கின்றன, ஆகவே இன்றைய எண்களை விளையாட்டைத் திறந்து பார்த்தே எழுதுங்கள். ஆனால் யானையின் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது: விலை அதிகம், நடை மெதுவு, துறவிக்கும் ஈட்டிக்கும் எளிய இரை. ஏற்கனவே அரிதாக எடுக்கப்படும் ஒரு யூனிட்டுக்குப் பாதகமான திறனைச் சேர்க்கிறவர் அதற்கு ஈடாக என்ன தருகிறோம் என்பதையும் அதே பத்தியில் சொல்லியாக வேண்டும். உயிர்ப்புள்ளியைக் கூட்டுவது சரியான ஈடு என்று எனக்குத் தோன்றவில்லை. மிரளும் எல்லை தள்ளிப்போகும், வேறெதுவும் மாறாது. விலையில் உணவைக் குறைப்பது நேர்மையான ஈடு. எவ்வளவு என்பதை ஆடிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஈடாக வைக்கக்கூடிய இன்னொன்றும் உண்டு. உங்கள் பட்டியலில் அது இல்லை. கி.மு. 301இல் அலெக்சாண்டருக்குப் பின் வந்த தளபதிகள் தமக்குள் மோதிய இப்சஸ் போரில் டிமிட்ரியஸின் குதிரைப்படை எதிரியைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டது. அவர் திரும்பிவர முடியாதபடி எதிர்த்தரப்பின் செல்யூகஸ் தம் யானைகளை இடையில் நிறுத்தினார். தந்தை ஆன்டிகோனஸ் உதவியின்றிக் களத்தில் மாண்டார். செல்யூகஸிடம் இருந்த யானைகளை ஒரு நூல் 400 என்றும் மற்றொன்று 480 என்றும் சொல்கிறது. எண்ணிக்கை எதுவானாலும் அவை செய்த வேலை கொல்வது அன்று, மறிப்பது. பழக்கப்படாத குதிரைகள் யானையின் தோற்றத்துக்கும் வாடைக்கும் மிரண்டு அருகே வர மறுக்கும். காலாட்படையை அஞ்சவைக்கும் வட்டத்தைக் கைவிட்டு, யானைக்கு அருகே வரும் எதிரிக் குதிரைகளின் நடைவேகத்தை மட்டும் சற்றுக் குறைக்கும் வட்டமாக அதை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தாக்குதல் எண்ணைத் தொடவில்லை, ஆகவே மேலே சொன்ன கழித்தல் கணக்கின் ஆபத்து இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட யானைகளின் பலன் சேராது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்யும் கிராமவாசிகளை நைட்டுகளால் சூறையாடுகிறவர், அங்கே ஒரு யானை நிற்பதைப் பார்த்தால் வேறு வழி தேடுவார். யானையை வைத்திருப்பவர் அதை எங்கே நிறுத்துவது என்று யோசிப்பார். இரண்டு பக்கமும் ஒரு முடிவு பிறக்கிறது. பின்வரிசையில் நிற்கும் கொடிக்கம்பமாகிவிடும் ஆபத்து இதிலும் கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறிப்பதற்காக நிற்கும் யானை வரலாற்று யானையே. அது எனக்கு உறுத்தவில்லை.

மோதித் தள்ளும் மூன்றாவது திறனை விட்டுவிடுங்கள். பாய்ந்து தாக்கும் திறன் 2021இல் பர்கண்டியர்களின் கூஸ்டிலியேவுக்கும், 2022இல் திராவிடர்களின் உருமி வீரருக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. மூன்றாவதாக யானைக்கும் கொடுத்தால் அது யானைக்குரிய அடையாளமாக இருக்காது.

பரிந்துரையை எழுதும் விதம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதே விளையாட்டில் நடந்ததிலிருந்து இரண்டு பாடங்களைச் சொல்லலாம். 2019இன் டெஃபினிட்டிவ் பதிப்பில் ஸ்டெப் லான்சர் என்ற குதிரைவீரர் வந்தார். கைக்கெட்டும் தொலைவைவிட ஒரு கட்டம் தள்ளித் தாக்குவது அவருடைய தனித்தன்மை. தனியாக இருக்கும்போது அது ஒரு சிறிய வசதி. கூட்டமாக வந்தபோது முன்வரிசைக்குப் பின்னால் நின்றவர்களும் சேர்ந்து குத்தினார்கள், எதிரியின் கூட்டம் கரைந்தது. பிறகு அவருடைய எண்களைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒன்றுக்கு ஒன்று என்ற சோதனையை மட்டும் வைத்துப் பரிந்துரைக்காதீர்கள். இருபதுக்கு இருபது என்ன ஆகிறது என்றும் பாருங்கள். எதிர்மாறாக, அதே பதிப்பில் வந்த பல்கேரியர்களின் கொன்னிக், குதிரை விழுந்ததும் காலாளாக எழுந்து போரிடுகிறார். அதை விளக்க ஒரு வரி போதும், முதல் முறை பார்க்கிற எதிரிக்கும் உடனே புரியும், அவர் தன் எதிர்வினையை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் திறனை ஒரே வரியில் சொல்ல முடியவில்லை என்றால், எழுத்தைச் சுருக்குவதற்கு முன் திறனைச் சுருக்குங்கள். மிரட்சியையும் குதிரை மறிப்பையும் ஒரே பரிந்துரையில் கட்டாமல் தனித்தனியே அனுப்புங்கள். ஒன்றை மறுப்பவர் இரண்டையும் சேர்த்து மறுத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றிலும் இன்றைய நிலை, நீங்கள் கேட்கும் மாற்றம், அதை எதிர்கொள்ள எதிரி செய்யக்கூடியது, கணினியே ஆடும்போது அதை எப்படிக் கையாளும் என்பவை இருக்கட்டும். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணினிக்கு எதிராக மட்டும் ஆடுகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மிரண்ட யானையை எப்போது அழிப்பது என்று கணினிக்குத் தெரியாவிட்டால் அவர்களுடைய ஆட்டத்தில் யானை ஒரு கேலிப்பொருளாகிவிடும்.

எதிரி செய்யக்கூடியதைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. ஜாமாவில் ஸ்கிப்பியோ சந்து விட்டு நின்றதை இன்றைய ஆட்டக்காரர்கள் அறியாமலே செய்கிறார்கள். மங்கனலின் கல் வருவதைப் பார்த்ததும் வில்லாளர் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் வழிவிடுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். மிரண்ட யானைக்கும் அதே விரலசைவு போதும். புதிய திறன் ஒன்று பழைய கைப்பழக்கத்துக்கு இன்னொரு பயன் தருகிறது என்று காட்ட முடிந்தால் பரிந்துரையின் பாதி வேலை முடிந்துவிடும். அந்த வரியை உங்கள் பரிந்துரையில் முன்னால் வையுங்கள்.

அனுப்புவதற்கு முன் சினாரியோ எடிட்டரில் (களங்களை நாமே அமைக்க உதவும் கருவியில்) சிறிய களம் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். மிரட்சியை முழுமையாக அங்கே உருவாக்க முடியாவிட்டாலும், குதிரைகளின் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது எளிது. ஒரு பக்கம் தங்கச் சுரங்கமும் பத்துக் கிராமவாசிகளும் இரண்டு யானைகளும், மறுபக்கம் எட்டு நைட்டுகள்; வேகத்தை முதலில் பத்து சதவீதமும் பிறகு இருபது சதவீதமும் குறைத்து, ஒவ்வொன்றையும் குறைந்தது பத்து முறை, இரண்டு வேறு ஆட்டக்காரர்களோடு ஆடுங்கள். எத்தனை கிராமவாசிகள் பிழைத்தார்கள் என்பதையும், நைட்டுகளை நடத்தியவர் எத்தனை முறை வழியை மாற்றினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியம். அது மாறவில்லை என்றால் திறன் வேலை செய்யவில்லை. எண்கள் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள். என் மாட்டில் வைத்திருந்த வட்டத்தின் அளவையும் மற்ற மதிப்புகளையும் அப்போது தருகிறேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.